பேர் சொல்லாமல் ஒரு ஜெபம்

ஜூன் 3

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நானும் வேனும் பெரிய சேதமில்லாமல் மேலே வந்து சேர்ந்துவிட்டோம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேனுக்குத்தான் ஒரு பக்கக் கண்ணாடி போய்விட்டது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தையல் மிஷினுக்கு மோட்டார் வை என்று எத்தனை முறை சொல்லியாயிற்று. நான் திரும்பி வந்ததும் முதல் வேலை அதுதான்.

இங்கே செல்போனில் ஒரு கோடுகூட வருவதில்லை. வெள்ளத்தில் சாய்ந்த டவர் சாய்ந்தபடியே கிடக்கிறது. வாரம் ஒருமுறை பால் வண்டி கீழே போகிறது. தபாலும் அதில்தான் போகிறது, அதில்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதற்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மேட்டில் மேல்தெரு, ஆற்றை ஒட்டிக் கீழ்த்தெரு. ஊர் அவ்வளவுதான். கீழ்த்தெருவில் தண்ணீர் ஜன்னல் வரை நின்றிருக்கிறது. எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. ஊருக்கே வேலை கொடுத்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, நனைந்த பெட்டி மாதிரியே உட்கார்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அதுவரை நல்லது. ஆனால் வேலை தேடிப் போனவர்கள் வீடெல்லாம் பூட்டிக்கிடக்கிறது.

ஊழியத்துக்கு வந்திருப்பது மூன்றே பேர். போதகர், நர்ஸ் அம்மா, நான். "ஜெபம் என் பொறுப்பு, காயம் நர்ஸ் அம்மா பொறுப்பு, இன்ஜின் உங்க பொறுப்பு" என்று போதகர் முதல் நாளே பிரித்துக்கொடுத்துவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கச் சொன்னாலே நான் கை கழுவ எழுந்து போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியும். ரிட்டையர் ஆன பஸ் டிப்போ மெக்கானிக் வீட்டில் சும்மா இருந்தால் மிக்ஸியைக் கழற்றிவிடுவான் என்று பயந்து, உன் அண்ணிதான் இதற்குப் பேர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

உன் பிள்ளை, என் மருமகன் எப்படி இருக்கிறான்? வாடிக்கையாளர்களோடு நாளெல்லாம் டெலிபோனில் பேசும் அந்த வேலை பிடித்துப்போயிற்றா? மாமா கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 14

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். முட்டி அப்படியே இருக்கிறது, நானும் அப்படியே இருக்கிறேன். பள்ளிச் சீருடை தைக்கும் பருவம் இது. கடை முழுக்க நீலத் துணி. கண்ணை மூடினாலும் நீலம்தான் தெரிகிறது. உங்கள் கடிதம் வந்த அன்று இரண்டு சட்டைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

எங்கள் புதன்கிழமை ஜெபக்குழு உங்கள் மூன்று பேருக்காகவும் அந்த ஊருக்காகவும் மன்றாடுகிறது. மைக் அம்மாவைத் தெரியுமல்லவா, சபையில் மைக்கை வாங்கினால் திருப்பித் தராத அம்மா? அவர் உங்களுக்காக அழுதே ஜெபித்தார். ஆனால் அண்ணா, ஜெபக் குறிப்புகளை விவரமாக எழுதுங்கள். "ஒரு குடும்பம், ஒரு கஷ்டம்" என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்கும் மனம் ஒன்றாது. யார், என்ன, எப்போதிலிருந்து என்று இருந்தால்தான் பாரத்தோடு ஜெபிக்க முடியும். போன வாரம் நான்கூட ஒரு காரியத்தை ஒளிக்காமல் திறந்து சொன்னேன். அத்தனை பேரும் எழுந்து நின்று ஜெபித்தார்கள். எனக்குப் பாதி பாரம் இறங்கினதுபோல் இருந்தது.

பிள்ளை நலம். சரியாகத் தூங்குவதில்லை, வேலைப் பளு. எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும்.

ஈரத்தில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஜெபத்தில் உங்களை நினைக்கும் தங்கை


ஜூன் 25

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். போட்டுக்கொள்ளாதவர் எங்கள் போதகர். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, கீழ்த்தெருச் சேற்றில் சறுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே படுக்கவைத்துக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வண்டி கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீடு வீடாப் போறதை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

நான் நர்ஸ் அம்மாவைப் பார்த்தேன். "நான் கட்டுப் போடுறேன். வாயைத் திறக்க வேண்டியது நீங்கதான்" என்று சொல்லிவிட்டார்.

முதல் வீடு, வெள்ளத்தில் அடுப்பு மூழ்கிப்போன ஒரு ரொட்டிக்கடை. கடைக்காரி தனி ஆள். மகள் எங்கோ தூரத்தில் வேலை செய்கிறாள். மாவு மேசையைச் சுற்றி நின்றோம். கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் டிப்போவில் ஷிப்ட் முடிந்து ரிப்போர்ட் கொடுப்பது மாதிரிச் சொன்னேன்: "ஆண்டவரே, அடுப்பு பழுது. செங்கல் ஊறிப்போச்சு. புகைப்போக்கி பரவாயில்ல. இந்த அம்மா சோர்ந்துபோய் இருக்காங்க. கவனிச்சுக்கோங்க. ஆமென்." கண்ணைத் திறந்தால் அந்த அம்மா சிரிக்கிறார். "இவ்வளவு சுருக்கமா யாரும் எனக்கு ஜெபம் பண்ணினதில்ல" என்றார். பாராட்டா, கிண்டலா, தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சிக்கல். "உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று கேட்டால் கீழ்த்தெருவில் பத்தில் எட்டு வீட்டில் ஒரே பதில். மேல்தெருவில் அணை மதகைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருக்கிறார். அவர் மதகைத் திறந்ததால்தான் தண்ணீர் இவர்கள் தெருவுக்குள் வந்ததாம். "மேல்தெருவைக் காப்பாத்த எங்களை மூழ்கடிச்சான். திறந்த கை விளங்காம போகணும், அதுக்கு ஜெபம் பண்ணுங்க" என்கிறார் ஒரு பெரியவர். ரொட்டிக்கடைக்காரி அவ்வளவு தூரம் போகவில்லை. "அந்த ஆள் என் கண்ணுல படாம இருக்கணும், அது போதும்" என்கிறார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் எப்படி ஜெபிப்பது? நீதான் முப்பது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறவள். உடனே எழுது.

அன்புடன்,
மாட்டிக்கொண்ட அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போதகர் கால் குணமாகட்டும்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். யாரிடமும் விவரம் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னாலும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். எனக்கும் எழுத வேண்டாம். முன்பு நான் விவரம் கேட்டிருந்தேன், அதை விட்டுவிடுங்கள்.

நான் புதன்கிழமைகளில் போவதில்லை. தையல் வேலை அதிகம்.

தங்கை


ஜூலை 18

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நர்ஸ் அம்மா நலம். போதகர் கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரி வார்டில் பிரசங்கம் பண்ணுகிறாராம், பால் வண்டிக்காரர் சொன்னார்.

மதகுக்காரரைப் பார்க்கப் போனேன். ஜெபிக்க இல்லை. மதகை ஏற்றி இறக்கும் மோட்டார் கரகர என்று சத்தம் போட்டது. தெருவில் போகிறவனுக்கே கேட்டது, என்னால் சும்மா போக முடியவில்லை. பேரிங் போயிருந்தது. இரண்டு பேருமாகக் கழற்றினோம். ஒல்லியான மனிதர், பேச்சே கிடையாது. வெள்ளத்துக்குப் பிறகு அந்த மதகு வீட்டுக்கு வந்த முதல் ஆள் நான்தானாம். மேல்தெருக்காரர்களும் வருவதில்லை, இவரோடு பேசினால் கீழ்த்தெருவின் பகை தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

வேலை முடிந்ததும், "உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். அங்கிருந்து கீழ்த்தெருக் கூரைகள் வரிசையாகத் தெரிகின்றன. "எனக்கு ஒண்ணும் வேணாங்க. தினமும் காலையில இங்க நின்னு அந்தக் கூரையெல்லாம் ஒவ்வொண்ணாப் பார்த்து ஜெபம் பண்ணுவேன். இந்த வாரமும் ரொட்டிக்கடைப் புகைப்போக்கியில புகை வரலை. அடுப்பு இன்னும் சரியாகலையா?" என்று கேட்டார். அவர் கண்ணிலேயே படக்கூடாது என்று கேட்டுக்கொண்டவரின் புகைப்போக்கிக்காக இந்த மனிதர் கவலைப்படுகிறார். "செங்கல் காயுது" என்றேன்.

நீ சொன்னபடி இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ வேண்டாம் என்றாலும் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறவள் இல்லை. "கர்த்தருக்குள்" இல்லை, "ஜெபத்தில்" இல்லை. சீருடை தைக்கும் மாதம் முடிந்துவிட்டது, இப்போது என்ன தையல் வேலை? எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னம்மா நடந்தது?

அண்ணன்


ஆகஸ்ட் 1

தங்கைக்கு,

பால் வண்டி வந்தது. உன் கடிதம் வரவில்லை. அடுத்த வண்டி வந்தது. அதிலும் வரவில்லை.

திட்டியாவது எழுது. இன்னும் ஒரு வண்டி பார்ப்பேன். அதற்குப் பிறகு நானே வேனை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன். பிரேக் அவ்வளவு நன்றாக இல்லை என்பதையும் தெரிந்துகொள்.

அண்ணன்


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரேக் சரியில்லாத வண்டியில் இறங்காதீர்கள். எழுதிவிடுகிறேன்.

பிள்ளை வீட்டில் இல்லை. ஜூன் கடைசியில் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன் அணைந்துகிடக்கிறது. எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. போன அடுத்த நாள் மட்டும் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து, "அம்மாகிட்ட பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பிறகு ஒன்றுமில்லை. தெரிந்த நண்பர்களையெல்லாம் கேட்டுவிட்டேன், போலீசிலும் சொல்லியிருக்கிறேன். "பெரிய பையன், தானாப் போயிருக்கான், தானா வருவான்" என்கிறார்கள்.

கொஞ்ச நாளாகவே அவனுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்திருந்தது. வேலையில் போன் மணி அடித்தால் போதும், கை நடுங்கி, மூச்சு முட்டி, வியர்த்துவிடுமாம். மனநல டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்தான். அதை இந்த உலகத்தில் என்னிடம் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னான். "யாருக்கும் தெரிய வேணாம்மா" என்றான்.

நான் புதன்கிழமை எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஊர் வம்பாக நினைத்துச் சொல்லவில்லை அண்ணா. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் ஆண்டவர் சீக்கிரம் கேட்பார் என்று நினைத்தேன். மாத்திரையின் பேர் உட்படச் சொன்னேன். பாதி பாரம் இறங்கியது என்று உங்களுக்கு எழுதினேனே, அது இதுதான். இறங்கின பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போது தெரியவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மைக் அம்மா பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்திருக்கிறார். அவனோடு வேலை செய்கிறவர்களும் நின்றிருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவன் தலையில் கை வைத்து, "மனசுக்கு ஒண்ணுமில்ல தம்பி, மாத்திரையெல்லாம் தூக்கிப் போடு, நாங்க ஜெபம் பண்ணிக்கிட்டுதான் இருக்கோம்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவன் கத்தவில்லை, அழவில்லை. வீட்டுக்கு வந்து, "உங்ககிட்ட மட்டும்தானம்மா சொன்னேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் பை தயாராகிவிட்டது.

அன்றிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. முட்டி போடுகிறேன். வாயைத் திறந்தால் மறுபடியும் அவனைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது. ஆண்டவரிடம்கூட அவன் பேரைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் ஜெபியுங்கள். ஆனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அங்கே யாரிடமும் அவன் பேரைச் சொல்லாதீர்கள். என்ன வியாதி என்றும் சொல்லாதீர்கள். நர்ஸ் அம்மாவிடம்கூட.

தங்கை


ஆகஸ்ட் 13

என் தங்கைக்கு,

உன் கடிதத்தை வேனுக்குள் உட்கார்ந்து படித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

முதலில் தனியாகத்தான் ஜெபித்தேன். என் ஜெபம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். "ஆண்டவரே, பிள்ளையைக் காணோம்" என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. டிப்போவில் நகராத பஸ்ஸைத் தனியாளாகத் தள்ள முயன்ற மாதிரி இருந்தது. ஆள் வேண்டும் என்று தோன்றியது.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். நீ சொன்னதை மீறவில்லை, பயப்படாதே. நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூடத்தின் பெரிய அறைக்கு எல்லாரையும் வரச் சொன்னேன். கீழ்த்தெரு வீடுகளுக்கும் போனேன், மதகு வீட்டுக்கும் போனேன். "யாருக்காக?" என்று கேட்டார்கள். "எனக்காக" என்றேன். ஜூன் மாதத்திலிருந்து அவர்களுக்காகவே அலைகிற ஆள் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்கிறானே என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். மதகுக்காரர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கீழ்த்தெரு ஒரு சுவர் ஓரம், அவர் எதிர்ச்சுவர் ஓரம். நடுவில் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் நான்.

"எனக்கு வேண்டிய ஒரு பிள்ளை இருக்கான்" என்றேன். "பேரைச் சொல்லமாட்டேன். என்ன ஆச்சுன்னும் சொல்லமாட்டேன். சொல்றது என் வேலை இல்ல. ஆனா எனக்குத் தனியா முடியலை. கொஞ்சம் கை கொடுங்க."

பேரும் இல்லாமல் விஷயமும் இல்லாமல் எதைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பது? பிறகு மதகுக்காரர்தான் ஆரம்பித்தார். "ஆண்டவரே, யாரு பெத்த பிள்ளையோ, எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இப்ப அவன் தனியா இருந்தா, பக்கத்துல இருங்க." அவர் நிறுத்தினதும் எதிர்ச்சுவரிலிருந்து ரொட்டிக்கடைக்காரியின் குரல்: "எங்க இருந்தாலும் அவன் சூடா எதாவது சாப்பிட்டிருக்கணும் ஆண்டவரே. அவனைப் பெத்தவளுக்கும் தொண்டையில சோறு இறங்கணும்." பெற்றவளைப் பற்றி நான் சொல்லவே இல்லை, அவராகத்தான் உன்னைச் சேர்த்துக்கொண்டார். அதற்கு "ஆமென்" என்று சத்தமாகச் சொன்னது மதகுக்காரர்.

வெள்ளத்துக்குப் பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த முதல் பேச்சு அந்த ஆமென்தான்.

முடிந்து எல்லாரும் எழும்போது அந்த அம்மா நேராக அவர் முன்னால் போய் நின்றார். "திறக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"சைரனை அழுத்தினேன். கரண்ட் இல்ல. திறக்கலைன்னா அணையே உடைஞ்சிருக்கும், உங்க தெருவே இருந்திருக்காது. மதகைக் கையால சுத்தித் திறந்துட்டு ஓடி வந்தேன். பாதி வழியிலயே தண்ணி என்னை முந்திடுச்சு."

"இதை இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"யாரு கேட்டீங்க?"

சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்காதே. வெளிச்சம் மங்கும் வரை வாசலில் நின்று சண்டை போட்டார்கள். கை விளங்காமல் போகவேண்டும் என்ற பெரியவரும் போய்ச் சேர்ந்துகொண்டார். ஆனால் முகத்தைப் பார்த்து, பேசிச் சண்டை போட்டார்கள். நர்ஸ் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சீழ் வெளிய வருது, இனி ஆறும்" என்றார்.

உன் பிள்ளைக்காக ஒரு ஊரே முட்டி போட்டது. அவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. நீ இப்போது கொஞ்சம் சாப்பிடு.

அண்ணன்


ஆகஸ்ட் 10

மாமாவுக்கு வணக்கம்.

நல்லா இருக்கிறீர்களா? வேன் நல்லா இருக்கிறதா என்று கேட்டால்தான் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், அதனால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். சபை ஆபீசுக்குப் போன் செய்து, யார் என்று சொல்லாமல் உங்கள் விலாசத்தை வாங்கினேன். கை நடுங்காமல் போன் பேசியது ரொம்ப நாளைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அல்லது தெரியாமலும் இருக்கலாம். நான் நன்றாக இருக்கிறேன். பழைய ஸ்கூல் நண்பன் ஒருவன் செடி நர்சரி வைத்திருக்கிறான். அவன் வீட்டு மாடியில் தங்கி, காலையில் நாற்றுக்குத் தண்ணீர் விடுகிறேன், மண் கலக்குகிறேன். செடி போன் பண்ணாது. இங்கே ஒரு டாக்டரைப் பார்க்கிறேன், மாத்திரையை விடவில்லை. தூக்கம் வருகிறது.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் தெரியுமா? நம் குடும்பத்தில் ஜெபம் பண்ணத் தெரியாத ஒரே ஆள் நீங்கள்தான். என்னைப் பற்றி யாரிடமும் ஜெபக் குறிப்பு கொடுக்கமாட்டீர்கள்.

அம்மாவிடம் நான் உயிரோடு, ஒழுங்காக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே என்று சொல்ல வேண்டாம். கோபம் குறைந்துவிட்டது. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

உங்கள் மருமகன்


ஆகஸ்ட் 20

தங்கச்சி,

முதல் வரியிலேயே சொல்கிறேன், மூச்சை விட்டுக்கொள். பிள்ளை பத்திரமாக இருக்கிறான். எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், டாக்டரைப் பார்க்கிறான், கௌரவமான வேலை செய்கிறான். கோபம் குறைந்துவிட்டதாம். அது அவன் கைப்பட எழுதின வார்த்தை.

எங்கே என்று கேட்காதே. சொல்லவேண்டாம் என்றிருக்கிறான். உனக்குச் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். ஆனாலும் சொல்லமாட்டேன்.

பால் வண்டிக்காரர் கடிதத்தைக் கையில் கொடுத்தபோது ரொட்டிக்கடையில் நின்றிருந்தேன். காய்ந்த அடுப்பில் முதல் தடவை ரொட்டி போட்டிருந்தார்கள். கையெழுத்தைப் பார்த்ததும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரி என் முகத்தைப் பார்த்தார், "இருக்கானா?" என்றார். "இருக்கான்" என்றேன். உடனே ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றி, "மேல இருக்கிற ஆளுக்கும் சொல்லிட்டு வாங்க. வெறுங்கையோட போகாதீங்க" என்று கொடுத்தனுப்பினார். மதகுக்காரர் ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கி, ரொம்ப நேரம் பிய்க்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. அவன் கடிதத்தின் தேதி நாங்கள் ஜெபித்த நாளுக்கு முன்னால் இருக்கிறது. நாங்கள் கேட்பதற்கு முன்பே தபால் கிளம்பிவிட்டது. நர்ஸ் அம்மாவிடம், "அப்ப நாம பண்ணினது வீணா?" என்று கேட்டேன். "ரொட்டிக்கடைக்குப் போய்க் கேளுங்க" என்றார்.

இன்னொரு தர்மசங்கடம். ஜெபம் தெரியாதவன் என்று நம்பித்தான் அவன் எனக்கு எழுதியிருக்கிறான்! ஊரையே கூட்டி ஜெபித்ததை மறைக்க மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்: "உன் பேரைச் சொல்லலை, உன் விஷயத்தைச் சொல்லலை. உன்னை யாருக்கும் தெரியாது. ஆனா நீ சூடாச் சாப்பிட்டியான்னு ஒரு ஊருக்கே கவலை." என்ன பதில் வருமோ.

அண்ணன்


ஆகஸ்ட் 29

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். கடையில் வாடிக்கையாளர் அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய், "இடுப்பு அவ்வளவு அதிகமாங்க?" என்று கேட்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அன்று ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டேன். ரொட்டிக்கடை அம்மாவிடம் சொல்லுங்கள்.

எங்கே என்று கேட்கமாட்டேன். நீங்கள் அவனுக்கு எழுதும்போது, அம்மா மன்னிப்புக் கேட்கிறாள் என்று எழுதாதீர்கள். அதை இன்னொருவர் மூலமாகச் சொல்லி அனுப்பக் கூடாது. அவன் எப்போது வந்தாலும் நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக்கைச் சரிசெய்துவிட்டு இறங்குங்கள்.

தங்கை


செப்டம்பர் 22

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

நீங்களும் நர்ஸ் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். நாங்கள் சுகம்.

வந்துவிட்டான். போன வியாழக்கிழமை மத்தியானம், காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நிழல் தெரிந்தது, நிமிர்ந்து பார்க்காமலே, "நாளைக்குத்தாங்க ரெடியாகும்" என்றேன். "அவசரமில்லம்மா" என்றான்.

கறுத்திருக்கிறான். நகக்கண்ணில் மண். எத்தனையோ நாளாக மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. அவன்தான் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, "தோள்ல கிழிஞ்சிருக்கு, தைச்சுத் தர்றீங்களா?" என்றான். மிஷினில் உட்கார்ந்தேன். கண் மறைத்ததால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அவனே கோத்துக் கொடுத்தான். தைத்துக்கொண்டே, "நீ என்னை நம்பிக் கொடுத்ததை நான் ஊருக்குக் கொடுத்துட்டேன்பா, மன்னிச்சுடு" என்றேன். மிஷின் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று நிறுத்தினேன். "கேட்டுச்சும்மா. தைங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வரை இருந்துவிட்டு நர்சரிக்குப் போய்விட்டான். மாதம் இரண்டு முறை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். விலாசத்தை அவனே எழுதிக் கொடுத்தான். டெலிபோன் வேலைக்கு இனிமேல் போவதில்லையாம். நான் காரணம் கேட்கவில்லை. நீங்கள் எழுதின கடிதத்தைப் பர்சுக்குள் மடித்து வைத்திருக்கிறான்.

சனிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எப்படித் தெரிந்ததோ, மைக் அம்மா கடைக்கு வந்துவிட்டார். "பிள்ளை வந்துட்டானாமே! நாளைக்குச் சபையில எழுந்து சாட்சி சொல்லணும். எத்தனை பேர் கண்ணீரோட ஜெபிச்சிருக்கோம்!" என்றார். அவன் உள்ளே சமையலறையில்தான் இருந்தான். பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"என்கிட்ட சொல்ல ஒண்ணுமில்லீங்க" என்றேன். "அது அவன் கதை. அவனுக்குச் சொல்லணும்னு தோணினா அவன் சொல்லுவான்."

"அப்ப ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேணாமா?"

"சொல்லிட்டேன். அவர்கிட்டயே சொல்லிட்டேன்."

உண்மைதான் அண்ணா. அன்று காலை முட்டி போட்டபோது அவன் பேர் தானாக வாயில் வந்துவிட்டது. வெளியே ஒருவருக்கும் கேட்காத மாதிரி, மெதுவாகச் சொன்னேன்.

மைக் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பிள்ளை மூன்று டம்ளரில் டீயோடு வெளியே வந்தான். ஒன்றை எனக்குக் கொடுத்தான். ஒன்றை அவர் கையில் கொடுத்தான். கை நடுங்கவில்லை, நான் பார்த்தேன். மூன்றாவதை எடுத்துக்கொண்டு, நீலத் துணிக்கட்டைத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "டீ நல்லாருக்கு தம்பி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை